இடது அக்குளில் ஒரு பை

"ஐஸ் பெட்டியிலயா?"

"ஆமாக்கா. அடியில ஐஸ், மேல ஐஸ், நடுவுல டப்பா. மூடியக்கூட ரெண்டு தடவை இறுக்கினேன்."

"எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"அரை மணிக்கு மேல. சில்லுன்னுதான் கொண்டுவந்து குடுத்தேன்."

லேப் அக்கா பேனாவை மேசைமேல் வைத்தார். அடக்குவது சிரிப்பையா கோபத்தையா என்று எனக்குத் தெரியவில்லை. என் கணவரோ பாராட்டு வாங்கப்போகிறவர் மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"தம்பி, என்ன வேலை பாக்குறீங்க?"

"மீன் வேன் ஓட்டுறேன்."

"அதான பாத்தேன்," என்றார் அக்கா.

இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே ஜன்னலில்தான் என் கணவர் விந்துப் பரிசோதனைக்கு முதல் டப்பாவைக் கொடுத்தார். லிஃப்டுக்குப் பக்கத்தில் அதற்கென்று ஓர் அறை இருக்கிறது. ஆனால் கதவுக்கு வெளியே ஆட்கள் நின்று கிரிக்கெட் பேசியதில் இவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. வீடு பக்கம் என்பதால் வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொன்னார்கள். வேலைக்குப் போகிற வழியில் ஜன்னலில் வைத்துவிட்டு ஓடிவிட்டார். மறுநாள் ரிப்போர்ட் வந்தது. எண்ணிக்கை: போதுமானது. அசைவு: இல்லை.

கல்யாணமாகி ஐந்து வருடம். அதுவரைக்கும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். மாமியார் மாதாமாதம் போன் செய்து தேதி கேட்பார். ரிப்போர்ட் வந்த அன்று சாயங்காலம் இவரே அவருக்குப் போன் போட்டார். "அம்மா, இனிமே அவகிட்ட எதுவும் கேக்காதீங்க. குறை என்கிட்டதான்." வைத்துவிட்டு வேனைக் கழுவப் போனார். காலையில்தான் கழுவியிருந்தார்.

ஒரு ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது, மறுபடியும் எடுங்கள் என்றார் டாக்டர். அதற்குப் புது டப்பா வாங்க வந்த இடத்தில்தான் லேப் அக்கா பழைய படிவத்தைப் புரட்டி, 'கொண்டுவந்த விதம்' என்ற கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டார்.

"ஐஸ்ல வச்சா எல்லாம் விறைச்சுப்போயிடும் தம்பி. உடம்புச் சூட்டுலயே கொண்டுவரணும். குடுத்த தாள்ல அதானே மொத வரி?"

"தாளப் பிரிக்கவே இல்லக்கா. கூச்சமா இருந்துச்சு. பாக்கெட்ல வச்சேன், ஐஸ் தண்ணி பட்டு கூழாயிடுச்சு."

"நல்லாப் படிச்சீங்க போங்க."

இவர் முகம் மாறியது. "அப்ப நான்தான் அதையெல்லாம் கொன்னுட்டேனா?"

"அப்படி இருந்தா நல்லதுதான்," என்றார் அக்கா. "ஐஸாலயும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்தத் தடவை ஒழுங்கா கொண்டுவாங்க, தெரிஞ்சிடும்."

அன்று வீடு திரும்பும்போது நான் ஒரு பனி தேசத்தை நினைத்துக்கொண்டே வந்தேன். கதைகளில் மட்டுமே பார்த்த தேசம். கண்ணுக்குத் தெரியாத ஒரு ஊர் ஜனம் முழுக்க, கிளம்பிய காலோடு, வழியிலேயே உறைந்து நிற்கிறது. எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. எது கெட்டுப்போகக் கூடாது என்று நினைக்கிறாரோ, அதற்கு அவர் ஐஸ் போடுவார். அவருக்குத் தெரிந்த மரியாதை அதுதான்.

இந்தத் தடவை தாளை நான்தான் உரக்க வாசித்தேன். மூன்று நாளாவது விலகி இருக்க வேண்டும், ஐந்து நாளைத் தாண்டக்கூடாது. எண்ணெய், சோப்பு எதுவும் படக்கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் லேப்புக்கு வந்துவிட வேண்டும். மூன்று நாளும் அவர் விருந்தாளி மாதிரி முன்னறையில் படுத்தார். நான் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட, "கிட்ட வராத, அப்புறம் மொதல்லேர்ந்து எண்ணணும்" என்பார்.

"யாரு வந்தா? செம்பு அந்தப் பக்கம் இருக்கு."

"செம்புக்குத்தானா?"

"நெனப்புதான்."

நான் சீருடை தைக்கும் கம்பெனியில் பாக்கெட் பிரிவில் இருக்கிறேன். நாளெல்லாம் சட்டைப்பைதான். மூன்றாம் நாள் அவருடைய பழைய சட்டை ஒன்றை எடுத்து, உள்பக்கம் இடது அக்குளுக்குக் கீழே, டப்பாவின் அளவுக்கு ஒரு பை தைத்தேன். ஃபிளானல் துணி, இரண்டு மடிப்பு, மேலே ஒரு பித்தான். ஐந்து வருடத்தில் எத்தனையோ ஆயிரம் பை தைத்திருப்பேன். இந்த ஒன்றைத்தான் இரண்டு தடவை பிரித்துத் தைத்தேன்.

மறுநாள் காலை ஏழு நாற்பதுக்குக் குளியலறைக் கதவு திறந்தது. "எல்லாம் டப்பாக்குள்ளதான்," என்றார், என்னைப் பார்க்காமல். நான் மூடியைச் சரிபார்த்து, பையில் இறக்கி, பித்தானைப் போட்டேன்.

"கையத் தூக்காதீங்க."

"தூக்கல."

"ரொம்பவும் அமுக்காதீங்க."

"எப்படித்தான்டி வச்சுக்க?"

ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். சிக்னலில் அவருடைய மீன் கடை நண்பர் ஒருவர் கையசைத்தார். இவர் பதிலுக்கு வலது கையைத் தூக்கினார். இடது கை விலாவோடு ஒட்டியே இருந்தது. "என்னடா, கையில அடியா?" என்று அவர் கத்த, நான் வண்டியை முறுக்கினேன்.

மருத்துவமனை வாசலில் காவலாளி சோதிக்கும் கருவியோடு நின்றார். "ரெண்டு கையும் தூக்குங்க சார்."

இவர் ஒரு கையைத் தூக்கினார்.

"அந்தக் கை?"

எதையாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். "சாம்பிள் இருக்குங்க. லேப்புக்கு. சூடு போகக்கூடாது," என்றார், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி.

காவலாளி கருவியைக் கீழே இறக்கினார். "லிஃப்ட் இப்ப வராது. படியில போங்க, சீக்கிரம்."

எட்டு பன்னிரண்டுக்கு டப்பாவை ஜன்னலில் கொடுத்தோம். லேப் அக்கா அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு திறந்திருந்த பித்தானையும், பையையும் பார்த்தார். "இத யாரு தச்சது?"

"நான்தான்க்கா."

"இது நல்ல ஐடியாவா இருக்கே," என்று சிரித்துக்கொண்டே, 'கொண்டுவந்த விதம்' கட்டத்தில் ஏதோ எழுதினார். கெட்டியாக இருக்கிற சாம்பிள் இளக அரை மணி வேண்டும், அதற்கப்புறம்தான் பார்க்க முடியும் என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். இவர் கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை. மீன் ஏலத்தில் யார் என்ன சொன்னாலும் காதில் வாங்காமல், செவுளைத் திறந்து தன் கண்ணால் பார்த்தபிறகே எடுக்கிற மனிதர். இங்கே திறந்து பார்க்க ஒன்றுமில்லாமல், எதிரே இருந்த மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் கதவு திறந்தது. அக்கா கையுறையோடு பாதி உடம்பை மட்டும் வெளியே நீட்டினார்.

"இன்னும் எண்ணி முடிக்கல. ரிப்போர்ட் டாக்டர்தான் சொல்லுவார், நான் சொல்லக்கூடாது," என்றார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஓடுது."

"எப்படிக்கா ஓடுது?" என்றேன்.

"பள்ளிக்கூடம் விட்ட மாதிரி."

திரும்பி அவரைப் பார்த்தேன். டப்பாவைக் கொடுத்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. இடது கை இன்னும் விலாவோடு ஒட்டியபடியே இருந்தது. நான் தொட்டதும்தான் அவருக்கே தெரிந்தது. மெதுவாகத் தளர்த்தி, தூக்கி, உதறினார். மரத்துப்போயிருந்தது போலும்.

"நிஜமாவாக்கா?" என்றார். அக்கா தலையாட்டினார். "நிஜமாவா?" என்று என்னிடமும் கேட்டார், ஏதோ நான் பார்த்த மாதிரி.

அக்கா உள்ளே திரும்பினார். கதவில் 'வெளியாட்களுக்கு அனுமதி இல்லை' என்று சிவப்பில் எழுதியிருந்தது. அது மூடுவதற்குள் நான் எழுந்து ஓடி அதைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, நான் வரல, வெளியவே நிக்கிறேன். இவர மட்டும் ஒரே ஒரு தடவை உள்ள விட்டு, அதக் கண்ணால பாக்க விடுறீங்களா?"