ஐந்தாவது அச்சு

எங்கள் கட்டடத்தில் வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கதவுகளையும் திறந்து வைப்போம். பழைய கிடங்கு அது. எட்டு அறைகளாகத் தடுத்து எட்டு பேர் வேலை செய்கிறோம். கிடார் செய்கிறவர் இருக்கிறார், விளக்குக்குக் கூடு செய்கிறவள் இருக்கிறாள், பக்கத்து அறையில் மரக்கட்டையில் செதுக்கிப் படம் அச்சடிக்கிற மசி அண்ணன், கடைசி அறையில் களிமண்ணோடு நான் ஒருத்தி. அன்றைக்கு ஜனங்கள் வந்து சுற்றிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போனால் பரவாயில்லை. இந்த யோசனையெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு உயிரை வாங்குவார்கள். அதற்காகவே ஆளுக்கு ஓர் அட்டையில் பதில் எழுதிக் கதவில் மாட்ட வேண்டும் என்று ஏற்பாடு. கிடார்காரர் மழைச் சத்தம் என்று எழுதுவார். மசி அண்ணன் வருடம் தவறாமல் 'பெண்டாட்டியின் திட்டு' என்று எழுதுவார். நான் ஒன்பது வருடமாக 'மேகங்கள்' என்று எழுதி வந்தேன். பச்சைப் பொய்.

நான் செய்வது முகங்கள். கண் மூடிய, வெள்ளையான, சுவரில் மாட்டுகிற முகங்கள். எல்லாமே ஒரே முகம்தான். என் கூடப்பிறந்த அண்ணனுடைய முகம்.

அவனுக்கு இருபத்தாறு வயதானபோது, இதே வேலை மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்து, முகமெல்லாம் வாசலின் தடவி, மூக்கில் இரண்டு உறிஞ்சுகுழாயைச் செருகி, பிளாஸ்டரைக் குழைத்து அப்பினேன். அது இறுகும்வரை வாயைத் திறக்கக் கூடாது. பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவனால் எனக்குப் பதிலுக்குப் பதில் பேச முடியவில்லை. விடுவேனா, வாய்க்கு வந்தபடி கிண்டலடித்தேன். சிரிப்பை அடக்கப் பார்த்ததில் வலது பக்கத்து உதடு மட்டும் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. அது அப்படியே அச்சில் பதிந்தது. மூன்று மாதம் கழித்து, காலையில் பைக்கில் போனவன் வீடு வந்து சேரவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் கலைந்து போன பிறகு அம்மா என்னிடம் கேட்டது அந்த அச்சை மட்டும்தான். உடைந்துவிட்டது என்று சொன்னேன். பொறாமைதான், வேறென்ன. அவன் சட்டைகள், கட்டில், சின்ன வயதுப் படங்கள் எல்லாம் அம்மாவிடம் இருந்தன. உயிரோடு இருந்தபோதும் அவன் அம்மா பிள்ளை. என் கைக்கு வந்தது இது ஒன்றுதான். கொடுக்க மனசு வரவில்லை.

அந்த வாரமே அச்சில் மண்கூழை ஊற்றினேன். தொழில் தெரிந்தவர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். முதலில் பிளாஸ்டரிலேயே ஒரு முகம் வார்த்து, அதை மூலமாகப் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். எந்த அச்சும் நாற்பது ஐம்பது முறைக்கு மேல் தாங்காது, மழுங்கிப்போகும். மூலம் இருந்தால் புது அச்சு எடுத்துக்கொள்ளலாம். கற்றுக்குட்டிக்கும் தெரிந்த விஷயம். அவனைப் பார்க்கிற அவசரத்தில் நான் அதைச் செய்யவில்லை.

முதல் அச்சு மழுங்கியபோது, சுட்ட மண்முகம் ஒன்றை வைத்து இரண்டாவது அச்சு எடுத்தேன். மண் காய்ந்து சூளையில் வெந்து வரும்போது பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அந்தச் சுருங்கிய முகத்தின் அச்சில் வார்த்தது இன்னும் சுருங்கியது. பிறகு மூன்றாவது அச்சு, நாலாவது அச்சு. தாடி மயிரின் சொரசொரப்பு முதலில் போனது. புருவத்துத் தழும்பு போனது. கன்னத்து எலும்பு மறைந்து கன்னம் உருண்டது. அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னவனாகிக்கொண்டே போனான்.

போகாதது அந்த உதடு மட்டும். எல்லாம் அழிந்த முகத்தில் அது மட்டும் என்னைப் பார்த்து ஏறி நிற்பது பயமாக இருந்தது. ஒருநாள் ஈர முகத்தில் ஸ்பாஞ்சை வைத்து அழுத்தி உதட்டை நேராக்கிவிட்டேன். சூளையைத் திறந்தால் அது பழையபடி ஏறியிருந்தது. மண்ணுக்கு ஞாபகம் உண்டு, ஈரத்தில் வளைத்ததை நெருப்பில் திருப்பிக்கொள்ளும் என்பது எங்களுக்குப் பழகிய விஷயம்தான். தெரிந்துமே அன்று சூளைக் கதவை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். ஊற்றிய கூழிலிருந்து அச்சு தண்ணீரை உறிஞ்சும்போது வருகிற மெல்லிய சத்தம்கூட, மூக்கடைத்தவன் மூச்சு விடுவதாகவே எனக்குக் கேட்கும். ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டுதான் வேலை செய்வேன்.

இரண்டு வருடத்துக்கு ஒன்று வாங்குகிற பல் டாக்டர் ஒருத்தி, தன் மாடிப்படிச் சுவரில் நாலு முகத்தையும் பெரியதிலிருந்து சின்னதுவரை வரிசையாக மாட்டியிருந்ததைப் படம் எடுத்து வந்து காட்டினாள். இவர் எங்கே போய்க்கொண்டிருக்கிறார் என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

இந்த ஒன்பது வருடமும் அம்மாவை இங்கே அண்டவிட்டதில்லை. மண் தூசி, இழுப்பு வரும் என்று சாக்குச் சொல்லிவிடுவேன். இந்த வருடம் மசி அண்ணன் கெடுத்தார். அம்மாவைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தவர், ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாங்க என்று கூப்பிட்டுவிட்டு, நல்ல காரியம் செய்த முகத்தோடு என்னிடம் வந்து சொன்னார். சனிக்கிழமை முழுக்க முகங்களை எங்கே ஒளிப்பது என்று யோசித்தேன். அறுபது முகங்களை எங்கே ஒளிப்பது? அம்மாவுக்கு அடையாளம் தெரியாது, அவனிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அம்மா தையல்காரி என்பதை மறந்துவிட்டேன். நாற்பது வருடம் தைத்தவள். ஆளைப் பார்த்தே கழுத்தளவு சொல்கிறவள்.

மதியம் வந்தாள். கதவில் இருந்த அட்டையை நிதானமாகப் படித்தாள். உள்ளே வந்து அலமாரியிலிருந்து ஒரு முகத்தை எடுத்து, கட்டை விரலை முகவாயிலும் நடுவிரலை நெற்றியிலும் வைத்துப் பார்த்தாள். அந்த உதட்டை ஒருமுறை தடவினாள்.

"இது அவன் நடக்க ஆரம்பிச்சப்ப இருந்த அளவு," என்றாள். "அந்த வருஷம்தான் குல்லா தைச்சுப் போட்டேன்."

நான் பிறப்பதற்கு முந்தைய கதை அது.

"அச்சு உடைஞ்சிடுச்சுன்னு சொன்னியே."

"பொய் சொன்னேம்மா."

திட்டுவாள், அழுவாள், எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, எப்படி இவ்வளவு சின்னதாச்சு என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். மூலம் எடுக்காத மடத்தனத்தைச் சொன்னேன், நாலு அச்சுகளைச் சொன்னேன். துணி சுருங்குவதைப் பற்றிப் பேசினால் எப்படிக் கேட்பாளோ அப்படிக் கேட்டாள்.

"இன்னொரு அச்சு எடுத்தா?"

நாலாவதும் மழுங்கிவிட்டது, அதற்குத்தான் பிளாஸ்டர் வாங்கி வைத்திருக்கிறேன், அதில் வார்த்தால் பிறந்த குழந்தை அளவுக்கு வரும் என்றேன்.

"அதுக்கும் அப்புறம்?"

"அப்புறம் மூஞ்சி தங்காதும்மா. மூக்குகூட இருக்காது. வெறும் மண்ணுதான்."

அம்மா மடியில் இருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பரவாயில்ல, பண்ணு. என் வயித்துல இருக்கான்னு எனக்கே தெரியாத நாள் வரைக்கும் கொண்டுபோய் விட்டுடு. என்னால இனிமே அவனைச் சுமக்க முடியல."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒன்பது வருடம் அவளுக்குத் தெரியாமல் தூக்கிவைத்துக் காத்தவள் நான். ஆனால் எனக்கும் கை வலித்துப்போயிருந்தது. அவனை இறக்கிவைக்கச் சொல்லி யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இத்தனை நாளும் இருந்திருக்கிறேன்.

டீ குடிக்கக் கூப்பிட வந்த மசி அண்ணன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, வெளியே நின்றவர்களை நகர்த்திக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். நான் ரேடியோவை நிறுத்தினேன். அம்மா மடியில் இருந்த முகத்தை வாங்கி, ஒட்டாமலிருக்கச் சோப்புத் தண்ணீர் தடவி, சுற்றிலும் அட்டை நிறுத்தி, பிளாஸ்டரைக் கெட்டியாகக் குழைத்து நெற்றிப் பக்கமிருந்து ஊற்றினேன். நெற்றி மூழ்கியது. மூக்கு மூழ்கியது. உதடு கடைசியாக மூழ்கியது. மேலே வெள்ளையாகச் சமதளம் மட்டும் மிஞ்சியது.

கொஞ்சம் இறுகியதும் அம்மா அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்தவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள்.

"சுடுதே."

"பிளாஸ்டர் இறுகும்போது அப்படித்தாம்மா சுடும். கொஞ்ச நேரத்துல ஆறிடும்."

அது ஆறுகிறவரை அம்மா கையை எடுக்கவில்லை.