கத்திக்கு ஓர் இருமல்

என் புருஷனுக்குக் கண் போய்விட்டது என்பது ரொம்ப நாள் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. ஊர் முன்னால் நான் அவனை மரியாதையாக ‘அவிய’ என்றுதான் சொல்வேன். மனசுக்குள் எப்போதும் ‘அவன்’தான். இங்கே மனசுக்குள் இருப்பதையே சொல்கிறேன், யாருக்கு என்ன நஷ்டம்.

பேர் சுயம்பு. தாராவியில் நைன்டி ஃபீட் ரோட்டை ஒட்டிய சந்தில் கத்திப் பட்டறை. பட்டறை என் அப்பாவுடையது. சம்மட்டி அடிக்க வந்தவன் என்னைக் கட்டிக்கொண்டு முதலாளி ஆனான். போர்டில் இப்போது அவன் பேர் மட்டும்தான்.

பொய் சொல்லக்கூடாது, கத்தி நல்ல கத்தி. லாரிக்கு அடியில் இருக்கிற கமான் பட்டையை வெட்டி, பழுக்கக் காய்ச்சி, அடித்து நீட்டி, எண்ணெயில் முக்கிவிட்டால் கத்தி ஆகிவிட்டது என்று பார்க்கிறவன் நினைப்பான். எண்ணெயிலிருந்து எடுத்த கத்தி கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தால் உடையும். அதற்கப்புறம்தான் உண்மையான வேலை. வெட்டுகிற வாயைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகைச் சூடான இரும்புக் கட்டியின் மேல் வைக்க வேண்டும். சூடு முதுகிலிருந்து வாய்க்கு மெல்ல ஏறும், கூடவே நிறமும் ஏறும். முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் புளியங்கொட்டை, கத்தரிப்பூ, நீலம். வைக்கோல் நிறம் வாயைத் தொட்டதுமே தண்ணீரில் முக்கிவிட வேண்டும். விட்டால் வாய் இளகிப்போகும், எலும்பில் பட்டால் மடங்கும்.

அந்த நிறம்தான் அவனுக்குத் தெரியாது. சர்க்கரை கண்ணில் ஏறி உள்ளே நரம்பு செத்துவிட்டது, ஆபரேஷன் செய்தாலும் திரும்பாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். உலையில் பழுத்த இரும்பு மட்டும் அவனுக்கு மங்கலாகத் தெரியும், அதை வைத்து அடித்துவிடுவான். வைக்கோலும் நீலமும் அவனுக்கு ஒன்றுதான். அதனால் எனக்கு ஒரு வேலை வந்தது. பட்டறைக்கும் அடுக்களைக்கும் நடுவே ஒரு திரை. அதன் பின்னால் நின்று ஓட்டை வழியே பார்ப்பேன். நிறம் வாயைத் தொட்டதும் இருமுவேன். அவன் முக்குவான். கத்தி வாங்க வந்து எதிரே நிற்கிற கறிக்கடைக்காரன், “என்னா கண்ணு அண்ணாச்சிக்கு” என்பான். இந்த மகராசனும் மீசையைத் தடவிக்கொள்வான்.

மழை விட்ட சமயம் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

“மான்குர்த்ல திருவேங்கடம்னு மட்டன் கடைக்காரன் இருக்காம்லா, அவன் தங்கச்சி வந்தனாவ இங்க கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன்.”

கொஞ்சம் உப்புப் போடு என்று கேட்கிற குரல்.

“எதுக்கு?”

“எதுக்கா? கட்டிக்கத்தான். புருஷன் விட்டுட்டுப் போய்ட்டான், பாவம். சின்ன வயசு, நல்ல கண்ணு. எப்ப இருமணும்னு நீ அவளுக்குச் சொல்லிக்குடு.”

குழம்புக் கரண்டியை அவன் தலையில் போடத்தான் கை துடித்தது. போட்டுவிட்டு எங்கே போவேன்? அப்பா இல்லை, பிள்ளை இல்லை. “அப்ப நான் எங்க இருக்க?” என்று கேட்டேன். கேட்ட குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

“ஞாயித்துக்கெழம திருவேங்கடம் வாரான். கண்ணு முன்னால கத்தி செஞ்சு குடுக்கணுமாம். எனக்குக் கண்ணு சரியில்லன்னு எவனோ ஓதிருக்கான். அன்னைக்கு ஒழுங்கா இருமுனேன்னா நீ மேல பரண்ல இருந்துக்கோ. ஒரு வயித்துக்குக் கஞ்சி ஊத்த மாட்டனா? இல்லன்னா ஊருக்கு ரயிலேறு.”

என் அப்பா போட்ட பரண். அதில் ஒரு மூலைக்காக, என் இடத்துக்கு வரப்போகிறவளுக்காக, நான் இரும வேண்டும். சரி என்றேன். மூலையாவது மிஞ்சட்டும் என்று நினைத்த புத்திகெட்ட பொம்பளை நான்.

திருவேங்கடம் வந்தான். தங்கச்சி பார்க்க வேண்டும் என்று போனைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் வீடியோ எடுத்தான். சம்மட்டிக்காரன் பைசான் அடித்தான், என் புருஷன் திருப்பித் திருப்பிக் கொடுத்தான். எண்ணெயில் முக்கியதும் புகை பொங்கியது. பைசானை டீ வாங்க அனுப்பிவிட்டு, கல்லை எடுத்துக் கத்தி வாயைத் தேய்க்க உட்கார்ந்தான்.

“அண்ணாச்சி, வீட்ல அக்கா இதுக்கு ஒத்துக்கிட்டாங்களா?” என்றான் திருவேங்கடம். “பின்னால எந்த லஃப்டாவும் சண்டையும் வரக்கூடாது. ஏற்கெனவே ஒரு தடவை அழுதவ என் தங்கச்சி.”

கல் தேய்க்கிற சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்து அவன் குரலைத் தாழ்த்தினான். “அவளா? எப்பவும் இருமிக்கிட்டே கெடப்பாளே, நீ கேட்டதில்லயா மாப்ள? நெஞ்சு அரிச்சுப்போச்சு. தீவாளி தாண்டாதுன்னுட்டாரு டாக்டரு.”

“அர்ரே. ஒட்டுற வியாதியா?”

“அதான் திரைக்கு அந்தாண்ட வச்சிருக்கேன். புதன்கெழம ரயில்ல ஏத்திவிடுதேன், டிக்கெட் எடுத்தாச்சு. ஊர்ல போய்ச் சாவட்டும். ஒன் தங்கச்சி காலெடுத்து வைக்கும்போது அவ இருமல் இங்க கேக்காது.”

திரைக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு சொல் தவறாமல் கேட்டது. குழாயடியில் பொம்பளைகள் என்னைக் கண்டால் ஏன் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்துகிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. அவன் சோற்றுக்காக நான் இருமிய இருமலை வைத்தே எனக்குப் பாடை கட்டியிருக்கிறான். பரணும் இல்லை, மூலையும் இல்லை.

கத்தியின் முதுகைச் சூட்டுக் கட்டியின் மேல் வைத்தான். ஓட்டையில் கண்ணை வைத்தேன். வைக்கோல் நிறம் முதுகில் பூத்து, நகர்ந்து, வாயைத் தொட்டது. அவ்வளவு அழகாக அதற்கு முன் எந்தக் கத்தியிலும் அது வந்ததில்லை.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

குறடைப் பிடித்தபடி அவன் தலையைத் திரைப் பக்கம் சாய்த்தான். புளியங்கொட்டை வந்தது. கத்தரிப்பூ வந்தது. நெற்றியில் வேர்வை இறங்கி மூக்கு நுனியில் தொங்கியது. குத்துமதிப்பாக முக்கியிருக்கலாம். என் தொண்டையையே நம்பிப் பிழைத்தவனுக்கு அந்தத் தைரியமும் போயிருந்தது. நீலமும் வந்து, நீலமும் கடந்து, கத்தி சாம்பலாக வெளுத்தது.

“அண்ணாச்சி?” என்றான் திருவேங்கடம், போனை இறக்காமல்.

“இருமுட்டி” என்றான் என் புருஷன்.

நான் ஓட்டையிலிருந்து கண்ணை எடுத்தேன்.

“ஏ முப்பிடாதி, இருமித் தொலட்டி.”

திருவேங்கடம் எழுந்து வந்து திரையை விலக்கினான். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தான். ஓட்டையைப் பார்த்தான். திரும்பிப் போய், தன் கையை விரித்து என் புருஷன் முகத்துக்கு நேரே ஆட்டினான். அவன் கண் அசையவில்லை. கறிக்கடைக்காரனுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. சூடு ஆறியதும் கத்தியை எடுத்துப் பட்டறைக்கல் விளிம்பில் ஒரு போடு போட்டான். வாய் சுருண்டுகொண்டது. அதை என் புருஷன் மடியில் வைத்தான்.

“இத நீங்களே வச்சுக்குங்க அண்ணாச்சி. என் தங்கச்சி குருட்டுக்குக் கோல் புடிக்கப் பொறக்கல.”

அவன் போனதும் என் புருஷன் எழுந்தான். “ஏன் இருமலட்டி?”

“தொண்ட சரியாயிட்டு.”

கையை ஓங்கி வீசினான். நான் இருந்த இடத்தில் நான் இல்லை. தகரச் சுவரில் பட்டு விரல் கிழிந்து, கையை உதறிக்கொண்டு உட்கார்ந்து அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று கொஞ்ச நேரம் நின்றும் பார்த்தேன்.

வீடியோ மான்குர்த்திலிருந்து வடாலா வரை எல்லா போனிலும் ஓடியது. சின்னப் பையன்கள் பட்டறை வாசலில் நின்று இருமிவிட்டு ஓடினார்கள். பாதிக் கடைக்காரர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். மீதிப் பேர் என் முகத்தைப் பார்த்து ஆர்டர் சொல்கிறார்கள். ரயில் டிக்கெட்டை அவன் கண் முன்னாலேயே கிழித்தேன், கிழிகிற சத்தம் கேட்கட்டும் என்று. திரையைக் கழற்றிக் கரித்துணி ஆக்கிவிட்டேன். உலைக்கு எதிரே அப்பாவின் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்போதெல்லாம் அவன் பரணில்தான் படுக்கிறான்.

நான் இப்போது இருமுவதில்லை. அவன் கேட்க வேண்டும். பேரைச் சொல்லி, சந்து முழுக்கக் கேட்கும்படி.

“முப்பிடாதி, என்ன நெறம் வந்துருக்கு?”

கத்தியைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, வேர்க்க வேர்க்க நிற்பான். பெரும்பாலும் சொல்லிவிடுகிறேன். சில நாள், கத்தி போனால் போகட்டும் என்று, பேசாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.