இடப்பக்கக் கதவு

கறுப்புக் கார் எங்கள் மிளகுத் தோட்டத்தோரம் வந்து நின்றது.

சென்னை இசைக்குழு ஒன்றின் பாட்டுக்கு ஒரு கார் கம்பெனி செலவு செய்திருந்தது. அந்தப் பாட்டின் பேரில் ஐந்நூறு சிறப்புக் கார்கள் வரப்போகின்றன. சீட்டில் குழுவின் முத்திரை இருக்கும்; ஓட்டுபவர் பக்கக் கதவைத் திறந்தால் பாட்டின் தொடக்கம் கேட்கும். அந்தத் தொடக்கம் என் குரல்.

கம்பெனி ஆள் யுவராஜ், "திறங்க ராதிகா மேடம்" என்றார். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

திறந்தேன். "ஏறட்டுமா, நான் ஏறட்டுமா?" என்று காருக்குள்ளிருந்து நானே பாடினேன். அதோடு நின்றது. எத்தனை தெளிவு! மூடி, மறுபடி திறந்தேன். இரண்டாம் முறைதான், பதில் வரவில்லையே என்று உள்ளங்கால் கூசியது.

மிளகு பறிக்க மூங்கில் ஏணியில் ஏறுகிறவள் அப்படிப் பாடிக் கேட்பாள். கீழே ஏணி பிடித்திருப்பவளைக் கொடி மறைத்துவிடும். "ஏறு சாமி, நான் இருக்கேன்" என்று அவள் திருப்பிப் பாடாமல் எங்களில் யாரும் அடுத்த கணுவில் கால் வைப்பதில்லை. ஒன்பது வருஷமாக எனக்குப் பதில் பாடுகிறவள் பெருமாயி அக்கா. குழு இங்கே வந்து எங்கள் பாட்டைப் பதிவு செய்த அன்றும் பாடினாள். இப்போது என் பின்னால் நிற்கிறாள்.

"ஏனுங்க தம்பி, என் குரலு எந்தக் கொண்டை ஊசி வளைவுல விழுந்துச்சுங்க?" என்றாள்.

யுவராஜ் சிரித்துவிட்டார். "கதவுக்கு நாலு செகண்ட்தாங்க. அதான் வெட்டிட்டாங்க."

"விடு கண்ணு. உன்னுதாச்சும் ரோட்டுல போவட்டும்" என்றாள் அக்கா என்னிடம்.

விட்டிருக்கலாம். பேசினால் வேறு யார் குரலையாவது போட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது: தனியாகக் கேட்ட என் குரல் எனக்குப் பிடித்திருந்தது. அது தெரிந்ததும் வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கம்தான் என்னைப் பேசவைத்தது.

"பதில் இல்லாம வேண்டாங்க. என் குரலையும் எடுத்துடுங்க."

"மேடம், நேரம் கூட்ட முடியாதுங்க."

"இடப்பக்கக் கதவு என்ன பாடுதுங்க?"

"அது ஒண்ணும் பாடாது."

"அதுல அக்காவைப் போடுங்க. பக்கத்துல ஆள் ஏறுனா பதில் வரட்டும்."

யுவராஜ் அந்தக் கதவையே பார்த்தார். பிறகு போனுக்கு சிக்னல் தேடி மேட்டுக்கு நடந்தார். அவர் கை ஆட்டி ஆட்டிப் பேசுவதை நாங்கள் கீழிருந்து பார்த்தோம். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

இறங்கி வந்தார். "குழுவுல எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. கம்பெனியில நாளைக்குச் சொல்றாங்களாம். அக்கா குரலைத் தனியா போன்ல பதிஞ்சு அனுப்பச் சொன்னாங்க, இப்பவே."

பெருமாயி அக்கா முந்தானையால் வாயைத் துடைத்தாள். இடப்பக்கக் கதவைத் திறந்து, சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். ஏதோ சொல்ல வந்த யுவராஜைப் பார்த்து, "செத்த சும்மா இருங்க தம்பி" என்று அதட்டிவிட்டு, தொண்டையைச் செருமினாள்.