இனியாவின் பாட்டிலில் ஒரு சிட்டிகை

“இதயம் வந்துருச்சாம்மா?”

அந்த ஆய்வகத்தில் காலை வணக்கம் என்றால் அதுதான். கேட்டவர் பேராசிரியை சைதன்யா. கேட்டது இனியாவிடம். மூன்று வருடமாகத் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்வி பக்கத்து மேஜைக்கு இடம் மாறிவிட்டதை அன்புச்செல்வி நிமிராமலே கவனித்தாள்.

“வந்துருச்சுங்க மேடம். முத்தலிப் அண்ணன் மொத ஆட்டையே நமக்குன்னு ஒதுக்கி வெச்சுட்டாருங்க.”

கணபதி என்ற பகுதியில் அப்துல் முத்தலிப்பின் கறிக்கடை. வெட்டிய சூடு ஆறுவதற்குள் ஆட்டு இதயம் ஐஸ் பெட்டியில் ஏறி இங்கே வந்துவிடும். அதிலிருந்து உயிரோடு செல்களைப் பிரித்து, மயிரிழை நுனியுள்ள கண்ணாடி ஊசியால் தொட்டு, உள்ளே ஓடும் மின்சாரத்தை அளக்க வேண்டும்.

“எனக்கெல்லாம் ஒரு நாளும் மொத ஆடு குடுத்ததில்லை அந்த ஆளு” என்றாள் அன்புச்செல்வி.

“நீங்க பேரம் பேசுவீங்க அக்கா. நான் அண்ணான்னு கூப்பிடுவேன்.”

மேடம் சிரித்துக்கொண்டே தன் அறைக்குப் போனார். அன்புச்செல்வியும் சிரித்தாள். பற்களால் மட்டும்.

விஷயம் ஆட்டோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் இதயச் செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது, செல் சுருங்குகிறது. பிறகு பொட்டாசியம் வெளியேறி அதை அடக்குகிறது. அந்தப் பொட்டாசியம் போகும் வாசல்களில் ஒரு வகையைத் திறந்துவிடுவதே உள்ளே வந்த கால்சியம்தானா? இந்த ஒரு கேள்வியைத்தான் அன்புச்செல்வி மூன்று வருடம் துரத்தினாள். இதயத்தின் கீழறைகளில் தேடினாள். கிடைத்தது வெறும் நடுங்கும் கோடு.

மேட்டுப்பாளையத்திலிருந்து போன வருடம் வந்து சேர்ந்த இந்தப் பெண் மேலறையில் தேடினாள். கால்சியத்தைக் கொஞ்சம் ஏற்றினாள். திரையில் கோடு ஜிவ்வென்று எழுந்தது!

ஆராய்ச்சிக் கட்டுரையில் முதல் பெயர் இனியாவுக்கு என்று மேடம் வெள்ளிக்கிழமை அறிவித்தபோது அன்புச்செல்வி கை தட்டினாள். மற்ற எல்லோரையும்விடச் சத்தமாக.

இப்போது இனியா ஐஸ் பெட்டியுடன் உள்ளறைக்குப் போயிருந்தாள். மேஜையில் அவளுடைய பாட்டில். ஊசிக்குள் நிரப்பும் திரவம், அதில் அளந்து கலந்த கால்சியம். லேபிளில் பெயருக்குப் பக்கத்தில் குட்டியாய் ஒரு சிரிக்கும் முகம் வேறு.

அந்த முகத்தைத்தான் தாங்க முடியவில்லை.

அலமாரியில் ஈ.ஜி.டி.ஏ. என்ற வெள்ளைப் பொடி இருந்தது. கால்சியம் எங்கே இருந்தாலும் கவ்விப் பிடித்துக்கொள்ளும் பொடி. அன்புச்செல்வி தராசில் வைத்து எடை போட்டாள். பாட்டிலில் கரைத்தாள். பொடி கரைந்ததும் பி.ஹெச். இறங்கியது. கைப்பழக்கம், சொட்டுச் சொட்டாகக் காரம் விட்டுப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தாள். மூடினாள். கைகளைக் கழுவினாள்.

மதியம் மேடம் பின்னால் நிற்க, இனியா முதல் செல்லைத் தொட்டாள்.

கோடு எழவில்லை.

இரண்டாவது செல். தட்டை. இன்னொன்று. தட்டை.

“அன்பு இத்தனை வருஷம் பார்க்காததை நீ நிஜமாவே பார்த்தியா?” மேடத்தின் குரலில் ஐஸ். “சாயங்காலத்துக்குள்ள காரணம் சொல்லு. இல்லேன்னா கட்டுரை கிடையாது.”

கதவு சாத்திக்கொண்டது. அன்புச்செல்விக்குள் எதுவோ குதித்தது. இனியா அழப்போகிறாள் என்று காத்திருந்தாள்.

இனியா அழவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கருவியாகப் போனாள். திரும்பி வந்தாள்.

“அக்கா.”

“சொல்லுங்க அம்மணி.”

“பி.ஹெச். அப்படியே இருக்குதுங்க்கா. உப்புச் செறிவு மட்டும் லேசா ஏறியிருக்குது. யாரோ என்னத்தையோ போட்டு, பொறுமையா பி.ஹெச்சையும் சரி பண்ணி வெச்சிருக்காங்க.”

“அப்படீங்களா?”

“கெடுக்கறதுக்கு எதுக்குங்க்கா இத்தனை சுத்தம்? உப்பை அள்ளிக் கொட்டியிருந்தா செல்லு செத்துப்போயிருக்கும். நானும் முத்தலிப் அண்ணனைத் திட்டிப்போட்டு ஊட்டுக்குப் போயிருப்பேன்.” இனியா நேராகப் பார்த்தாள். “இங்க இவ்வளவு நறுவிசா வேலை செய்யறது ஒரே ஒருத்தர்தான்.”

அன்புச்செல்வி காலையிலேயே கழுவிய கைகளை மறுபடி துடைத்தாள்.

“எவ்வளவு போட்டீங்க?”

“என்னது?”

“ஈ.ஜி.டி.ஏ. தானுங்களே? செல்லு உயிரோட இருக்குது, மத்த வாசலெல்லாம் வேலை செய்யுது. கால்சியத்தைப் பிடிச்சு வெச்சதும் இந்த ஒரு வாசல் மட்டும் மூடிக்கிச்சு. தொறக்கறது கால்சியம்தான்னு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? நான் செய்ய மறந்த சோதனைங்க்கா இது. அளவு தெரியாம எப்படி எழுதறது?”

அன்புச்செல்வி திரையைப் பார்த்தாள். முன்பு இனியா பதிவு செய்தபோது எழுந்த கோடும் மதியம் படுத்த கோடும் பக்கத்தில் பக்கத்தில். நடுக்கமே இல்லை. மூன்று வருடத்தில் அவள் கையிலிருந்து வந்த முதல் அழகான படம்.

கதவு திறந்தது. மேடம் திரையைப் பார்த்தார். குனிந்து மறுபடி பார்த்தார். இனியா ஒரே மூச்சில் விளக்கினாள்.

“பிரமாதம்!” என்றார் மேடம். “இது யாரோட யோசனை?”

இனியா திரும்பி அன்புச்செல்வியைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பேசாமல் இருந்தால் தப்பித்துவிடலாம். வேலை இருக்கும், மானம் இருக்கும். ஆனால் இந்தப் படமும் இனியாவுக்கே போய்விடும். முதல் ஆடு, முதல் பெயர், இப்போது இதுவுமா? அந்த நினைப்பு மூண்டு எரிந்ததில் பயம் கருகிப்போனது.

“நான் போட்டதுங்க மேடம்” என்றாள் அன்புச்செல்வி. “அவளுக்குத் தெரியாம.”

மேடத்தின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது. “அளவைச் சொல்லிட்டு, சாவியை என் மேஜையில வெச்சுட்டுப் போ. நாளைக்கு வரவேண்டாம். நானே கூப்பிடறேன்.”

அளவைச் சொன்னாள். தசமப் புள்ளி வரைக்கும்.

வாசலில் அவள் கால் நின்றது. “இனியா. அந்தப் படத்துக்குக் கீழ என் பேரு வருமா?”

“போடாம இருப்பனாங்க்கா?” இனியா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அதுக்கு மேல என் பேரு இருக்கும்.”