விடுமுறை வாரத்தில் பழக்கிய காவல்

மேல்வீட்டுக்காரி உலர்த்திய துண்டு என் பால்கனியில் விழுந்தது உண்மை. அதைக் கொடுக்க அரைமணி நேரம் ஆனதற்கு நான் பொறுப்பல்ல. அவள் வீட்டு வாசலிலேயே சண்டை நடந்தால் காதைக் கழற்றி வைத்துவிட்டா நிற்க முடியும்?

அவள் மருத்துவமனைகளின் கணினிகளை இணைக்கும் வலைப்பின்னலை வடிவமைப்பவள். உடம்புக்குள் வெள்ளையணுக்கள் கிருமியை மடக்குவதுபோல, அந்நியர் நுழைந்தால் தானே மடக்கிவிடும் அமைப்பு. அதற்கு முதலில் நம்மவர் யாரென்று பழக்க வேண்டுமாம். ஒரு மாதம் பழக்குங்கள் என்றிருக்கிறாள். அதைப் பழக்கும் பொறுப்பிலிருந்த மேலாளர் வேறு யாருமில்லை, அவள் தங்கை புருஷன்தான். சீக்கிரம் முடித்துப் பேர் வாங்க, ஒரே வாரத்தில் வேலையை முடித்துவிட்டார். அதுவும் நீண்ட விடுமுறை வாரம். ஊழியர்களில் பாதிப்பேர் ஊரிலேயே இல்லை.

திங்கட்கிழமை எல்லோரும் திரும்பி வந்தார்கள். பதினோரு மருத்துவமனைகளிலும் விடுமுறையிலிருந்து வந்த நர்ஸ்களைக் கிருமி என்று முடிவுகட்டி வெளியே தள்ளிவிட்டது அந்த அமைப்பு. எந்த நோயாளிக்கு என்ன மருந்தென்று பார்க்கக்கூட மதியம்வரை திரை திறக்கவில்லை.

இப்போது மாப்பிள்ளை கையில் ஒரு கடிதம்: வடிவமைப்பிலேயே பிழை. அவள் கையெழுத்துப் போட்டால் வேலையும் போகும், மூன்று வருட உழைப்பும் குப்பைக்குப் போகும்.

"குடும்பம்னு ஒண்ணு இருக்குல்ல, அக்கா."

"இருக்கு மாப்பிள்ளை. அதனாலதான் இன்னும் வாங்க போங்கன்னு பேசிட்டிருக்கேன்."

"நீங்க கேட்ட ஒரு மாசத்தை யாரு குடுப்பா? டிசைன் நல்லா இருந்தா நான் பழக்குன ஒரு வாரத்துலயே கத்துக்கணும்."

"காலி வீட்டைக் காட்டி, இதுதான் மொத்தக் குடும்பம்னு சொல்லியிருக்கீங்க. உங்களை நம்புனதுதான் அது பண்ண ஒரே தப்பு."

"உங்க தங்கச்சி அழுறா."

"நர்ஸ் பொண்ணுங்களும்தான் அழுதாங்க. அவங்களுக்காக யாரு லெட்டர் எடுத்துட்டு வர்றது?"

அவள் குரல் உயரவேயில்லை. கடிதத்தை வாங்கிப் பேனாவைத் திறந்தாள். கடிதத்தின் ஒவ்வொரு வரியையும் அடித்துவிட்டுக் கீழே எழுதினாள்: 'ஒரு மாதம் கேட்டேன். விடுமுறை வாரத்தில் பழக்கியவர் மேலாளர்.' கையெழுத்தைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதான் முதல்லேர்ந்து கேட்டுட்டிருக்கீங்களே. சாட்சிக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். ஒட்டுக்கேட்டவள் என்று இதைவிட மரியாதையாக யாரும் என்னைச் சொன்னதில்லை. மாப்பிள்ளை பிடுங்குவதற்குள் அதைப் படமெடுத்து நிர்வாகத்துக்கு அனுப்பிவிட்டாள். அவர் லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் தங்கையின் அழைப்பு.

"போட்டுட்டேன்டி. அவர் எழுதிட்டு வந்ததுக்கு இல்ல. கேளு, முழுசாக் கேளு..."

அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். இவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.