முத்திரை இல்லாத வியாழக்கிழமைகள்

குடிக்கப் போகிறவன் எவனும் வழி கேட்டதில்லை. இந்தப் பஸ் டிரைவரும் கேட்டதில்லை. கண்ணைக் கட்டி விட்டாலும் கால் தானாக மதுக்கடை வாசலில் போய் நிற்கும். ஆனால் குடியை விட்டவர்கள் கூடுகிற இடத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒன்பது நாள் ஆனது.

குடித்திருக்கிறாரா என்று டெப்போவில் காலையில் வைத்த ஊதல் சோதனையில் மாட்டிக்கொண்டதும், ஸ்டீயரிங்கைப் பிடுங்கிக்கொண்டு, கையில் தண்ணீர்க் குழாயைக் கொடுத்து, பஸ் கழுவும் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். அது நியாயம்தான், அதில் அவருக்கே மாற்றுக் கருத்து இல்லை. ஆறு வாரம் உதவிக் குழுக் கூட்டத்துக்குப் போய், கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வந்தால் வண்டி திரும்பக் கிடைக்கும் என்றது உத்தரவு. கூட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்டார். பணியாளர் பிரிவு அதிகாரி நிமிராமலே, அதெல்லாம் தனக்கென்ன தெரியும் என்றார்.

ஆஸ்பத்திரிச் சுவரில் மூன்று முகவரிகள் ஒட்டியிருந்தன. முதல் இடம் உடற்பயிற்சிக் கூடமாகியிருந்தது. இரண்டாவது இடத்தில் கட்டிடமே இல்லை. மூன்றாவது தெருவில் டிரைவர் நாலு தடவை மேலும் கீழும் நடந்தாரே தவிர, யாரிடமும் வாய் திறக்கவில்லை.

"குடிச்சிட்டு நடுரோட்டுல பாடினப்ப வராத வெக்கம் இப்ப எங்கேருந்து வருது? நகருங்க" என்றாள் மனைவி. அந்தத் தெருவில் இருந்த ஓர் அச்சகத்து வாசலில் நின்று, தெருவே திரும்பிப் பார்க்கும்படி, "அண்ணே, குடிய விட்டவங்க கூட்டம் எங்க நடக்குது?" என்று கேட்டாள். அச்சகக்காரர் கண்ணாலேயே மாடியைக் காட்டினார். வருகிறவர்கள் யாரென்று வெளியே தெரியக் கூடாது என்பதால் பலகை வைக்கவில்லையாம். ரகசியம் காப்பது நல்லதுதான். அதற்காக, வர வேண்டியவனிடமிருந்துமா காப்பது?

மாடியில் பதினொரு மடக்கு நாற்காலி, ஒரு பிளாஸ்க் டீ. கடிகாரம் பழுதுபார்க்கிற ஒருவர் கூட்டத்தை நடத்தினார். பெயர் கேட்பதில்லை, பதிவேடு இல்லை. இங்கே கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்லக் கூடாது. யாராவது எழுந்து தன் தவறை ஒப்புக்கொண்டால் எல்லோரும் கை தட்ட வேண்டும். அவ்வளவுதான் விதி.

தலையாட்டிவிட்டுத் திரும்பினால், பக்கத்து நாற்காலியில் பணியாளர் பிரிவு அதிகாரி. தனக்கென்ன தெரியும் என்றவர், இரண்டு வருஷமாக அந்த நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு வியாழக்கிழமையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மகளின் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளாடிப் போய் நின்றதை டிரைவர் சொல்லி அழுத அன்று, முதலில் தட்டியது அதிகாரியின் கைதான். ஆறாவது வாரம் டிரைவர் கடிகாரக்காரரிடம் சான்று கேட்டார். பெயரே இல்லாத குழுவுக்கு முத்திரையில் எதை வெட்டுவது என்று அவர் வருத்தப்பட்டார். கடைசியில் ஒரு தாளில், 'இவர் ஒழுங்காக வருகிறார். இப்படிக்கு, ஒரு நண்பர்' என்று எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் டெப்போ ஆபீசில் அதிகாரி அதை இரண்டு கிளார்க்குகள் முன்னால் உரக்கப் படித்தார். கிளார்க்குகள் சிரித்தார்கள்.

"யாருய்யா இந்த நண்பர்? நீ அங்க போனதப் பாத்தவங்க யாராவது இருக்காங்களா?"

ஒரே ஒரு விரலை நீட்டினால் போதும், அடுத்த நிமிஷம் வண்டி கையில். டிரைவருக்குக் காது மடல் வரைக்கும் எரிந்தது.

"யாரும் இல்ல சார்."

'ஆதாரம் இல்லை. கொட்டகையில் தொடரவும்' என்று அழகான கையெழுத்தில் எழுதினார் அதிகாரி.

அன்று சாயங்காலம் டிரைவரின் கால் மதுக்கடை வாசலில் போய் நின்றது. குடித்தால் ஆதாரம் உடனே கிடைக்கும், ஊதச் சொல்லிப் பார்த்தாலே போதும். குடிக்காததற்குத்தான் இந்த உலகத்தில் ரசீது கிடையாது. அந்தக் கோபத்திலேயே விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்துவிட்டார்.

அடுத்த வியாழன் அதிகாரி எழுந்தார். "இந்த வாரம் ஒருத்தருக்கு அநியாயம் பண்ணிட்டேன். என் மானத்துக்குப் பயந்துட்டேன்."

அறை முழுக்கக் கை தட்டியது. கடிகாரக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டிரைவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏன் தட்டவில்லை என்று கேட்டார்கள்.

"அநியாயம் பண்ணினதுக்கா தட்டுறீங்க? சரி பண்ணிட்டாரான்னு யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. இப்போது எல்லோரும் அதிகாரியைப் பார்த்தார்கள்.

"வெளிய தெரிஞ்சா நான் எப்படித் தலை நிமிர்ந்து நடக்கறது?" என்றார் அவர்.

"நான் தெருவுக்கே தெரிஞ்சுதான் இந்தப் படி ஏறினேன் சார். என் பொண்டாட்டி அப்படி ஏத்திவிட்டா. ஒண்ணும் செத்துப்போயிடல."

மறுநாள் காலை, டிரைவர்களும் கண்டக்டர்களும் கூடியிருந்த நேரத்தில், அதிகாரியே கொட்டகைக்கு நடந்து வந்தார். கையில் அதே தாள். 'ஒரு நண்பர்' என்பதற்குக் கீழே, 'ஆறு கூட்டங்களிலும் இவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பதவி முத்திரையும் குத்தியிருந்தார்.

"சீக்கிரம் வாங்கிக்கய்யா, எல்லாரும் பாக்கறாங்க" என்றார் மெல்ல.

"பாக்கட்டும் சார்" என்றார் டிரைவர். தண்ணீர் அதிகாரியின் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது. பின்சக்கரத்தையும் கழுவி முடித்த பிறகுதான் குழாயை மூடினார்.