ஜானுவின் இஷ்டம்

பதிமூணாம் நாள் காரியம் சுபத்தோடு முடிந்து, பாயசம் குடித்த கையோடு, மயிலாப்பூர் ஆத்துக்கு வந்திருந்த ஜனமெல்லாம் ஜானுவுக்குப் புத்தி சொல்ல உட்கார்ந்துவிட்டது. ஓசிப் புத்திக்கா பஞ்சம்? நிமோனியாவில் போய்ச் சேர்ந்தவன் அவள் தம்பி பரத்வாஜ். நாற்பத்தாறு வயசு, மனசு மட்டும் ஐந்து வயசோடு நின்றுவிட்டது. சட்டைப் பொத்தான் போட்டுவிடுவதிலிருந்து சாதம் ஊட்டுவது வரை எல்லாம் ஜானுதான். கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை.

"அவனைக் கட்டிண்டு மாரடிச்சே, உன் தலையெழுத்து," என்றாள் நங்கநல்லூரிலிருந்து வந்திருந்த அக்கா ஹம்சா. "அந்த அடையாறு வரன்கூட இவனாலதானே தட்டிப்போச்சு! இனிமேயாவது உனக்குன்னு வாழுடி."

வருஷக்கணக்காக இதே பாட்டுதான். ஜானு தலையைக் குனிந்துகொள்வாள், ஊர் 'பாவம்' என்று உச்சுக் கொட்டும். அதில் ஒரு சுகமும் இருந்தது, பொய் சொல்வானேன்! ஆனால் அன்றைக்கு அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பி போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், காபி டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"தட்டிப்போகலை. நான்தான் வேண்டாம்னேன்."

"என்னடி உளர்றே?"

"மாப்பிள்ளை தங்கமான மனுஷன். பரத்தை ஏதாவது இல்லத்துல சேர்த்துடலாம், மாசாமாசம் போய்ப் பாத்துக்கலாம்னார். அப்பாவும், 'உன் இஷ்டம்மா'ன்னுட்டார். எனக்குத்தான் மனசு வரலை. எந்தத் தலையெழுத்தும் என்னைக் கட்டிப்போடலைக்கா. பகவான்கூடச் சொல்லலை. இவன்தான் வேணும்னு நானே எடுத்துண்டேன்."

ஹம்சா விடவில்லை.

"அப்போ இத்தனை நாள் ஏண்டி வாயே திறக்கலை?"

"நானா எடுத்துண்டேன்னா, கஷ்டம்னு வாய்விட்டுச் சொல்ல முடியுமா? தலையெழுத்துன்னா நாலு பேர் பாவம்னுவா."

ஹம்சா பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரியமாகத்தான் கேட்டாள், "பரத்துக்கு இது தெரியுமோ?"

யாராவது உச்சுக் கொட்டிவிட்டுப் போனதும் அவன் அடுக்களை வாசலில் வந்து நிற்பான். "என்னாலயா ஜானுக்கா?" என்பான். "போடா, போய் டிவி பாரு," என்று விரட்டிவிடுவாள். ஒரு தடவையாவது, 'நீதாண்டா எனக்கு வேணும்' என்று சொல்லியிருக்கலாம். நாக்கு தேய்ந்தா போயிருக்கும்?

"தெரியாதுக்கா," என்றாள். "தெரியாமலே போயிட்டான்."

அப்புறம்தான் அழுதாள்.